78-க்கு 60 மெத்தைக்கு எளிய மரக்கட்டில்: வீட்டிலேயே செய்யும் முறை

முதலில் மெத்தையை அளந்துவிடுங்கள். உறையில் 78-க்கு 60 அங்குலம் என்று போட்டிருந்தாலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். விரிப்பைச் சொருகவும் இடம் வேண்டும். அதனால் கட்டிலின் உள்ளளவு 79-க்கு 61.

மரத்துக்குத் தேக்குதான் வேண்டும் என்றில்லை, வேம்பே போதும். வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து வாங்குங்கள். ஓரத்து வெளிர்மரம் சீக்கிரம் உளுத்துவிடும். ஈர மரம் மட்டும் வேண்டாம். காயும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும், போல்ட்டும் தளரும். கழிவோடு சேர்த்து 4½ கன அடி ஆகும். கீழே உள்ளவை இழைத்த பிறகு வர வேண்டிய அளவுகள் (அங்குலத்தில்). இதைக் கடையிலேயே சொல்லிவிடுங்கள்.

- நெடுஞ்சட்டம்: 79 × 6 × 1½, இரண்டு
- தலைமாடு, கால்மாடு: 64 × 6 × 1½, தலா ஒன்று
- கால்: 3 × 3, உயரம் 11¾, நான்கு
- ரீப்பர் (நெடுஞ்சட்டத்தின் உள்பக்கம் பட்டைகளைத் தாங்கும் சிறு சட்டம்): 73 × 1½ × 1½, இரண்டு
- நடுச்சட்டம்: 79 × 3 × 1½, ஒன்று
- நடுக்கால்: 3 × 3, உயரம் 8¾, இரண்டு
- குறுக்குப் பட்டை: 60¾ × 3 × ¾, பதினான்கு

1. தலைமாடும் கால்மாடும். சட்டத்தின் இரு முனையிலும் 1½ அங்குலம் விட்டு, உள்பக்கம் காலை வையுங்கள். காலின் தலை சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து 2¼ அங்குலம் கீழே இருக்க வேண்டும். பட்டைக்கு ¾ போக மீதி 1½ அங்குலம்தான் மெத்தை நழுவாமல் பிடிக்கும். பசை தடவி, காலுக்கு மூன்று 3 அங்குல ஸ்க்ரூ. சட்டத்தின் அடியிலிருந்து ½, 2, 3¼ அங்குலத்தில் 3 மி.மீ. துளை போட்ட பிறகே முடுக்குங்கள். இல்லாவிட்டால் முனையில் மரம் பிளக்கும்.

2. நெடுஞ்சட்டம். இங்கே பசை கூடாது. வீடு மாற்றும்போது கழற்ற வேண்டியது இந்த இணைப்புதான். சட்டத்தையும் காலையும் சி கிளாம்பால் இறுக்கி, இரண்டையும் சேர்த்தே துளையிடுங்கள். தனித்தனியாகத் துளையிட்டால் நேராக வராது. சட்டத்தின் அடியிலிருந்து 1¼, 2¾ அங்குலத்தில் 9 மி.மீ. துளை, அதில் 5 அங்குல நீள, 8 மி.மீ. போல்ட், வாஷரோடு. ஸ்க்ரூவும் போல்ட்டும் முட்டிக்கொள்ளாமலிருக்கவே இந்த உயர வித்தியாசம்.

3. மூலைவிட்டம். முழுதாக முடுக்கும் முன் உள்மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக, ஏறத்தாழ 99¾ அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடினால், அந்த நீளமான மூலைவிட்டத்தின் இரு மூலைகளையும் உள்ளே தள்ளிவிட்டு முடுக்குங்கள்.

4. ரீப்பரும் நடுச்சட்டமும். ரீப்பரைக் கால்களுக்கிடையே, கால் தலைக்கு மட்டமாக, 8 அங்குலத்துக்கு ஒரு 2½ அங்குல ஸ்க்ரூ வீதம் பொருத்துங்கள். நடுச்சட்டமும் அதே மட்டம். முனைகளில் எல் கிளாம்ப் (எல் வடிவ இரும்புத் தகடு), இடையே இரண்டு நடுக்கால். நடுக்கால் துளி நீளமானாலும் கட்டில் அதன்மேல் ஆடும். தரை சமமில்லையென்றால் அதைச் சற்றே குறைத்து, அடியில் அட்டை வைப்பது நல்லது.

5. பட்டைகள். இரு முனைப் பட்டைகளும் கால் தலையிலேயே உட்காரும். மற்றவற்றை மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் பரப்பி, 1½ அங்குல ஸ்க்ரூவால் பிடியுங்கள். ரீப்பர் மேல் பழைய சைக்கிள் ட்யூபை ஒட்டிவிட்டால், மரத்தோடு மரம் உரசி எழும் கிறீச் சத்தம் வராது.

உப்புத்தாள் 80, 120, 180 என்று தேய்த்து, வார்னிஷ் இரண்டு கோட். காலின் அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், தரை துடைக்கும் தண்ணீரை அதுதான் உறிஞ்சும். எல்லாக் காலுக்கும் ரப்பர் புஷ் போட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எட்டு போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டியிருக்கும்.