திரும்ப நிரப்பும் பாட்டிலுக்கு எந்த லேபிள்?

செக்கு எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் இவற்றையெல்லாம் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கி நிரப்பிக் கொடுக்கிறீர்களா? காகித லேபிள் வேண்டாம். எண்ணெய் ஊறிக் கறுத்துவிடும், நாலு தடவை கழுவினால் நார் நாராக உரியும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஸ்டிக்கர் கேளுங்கள், அது தண்ணீர் குடிக்காது. கையால் அமுக்கிப் பிதுக்கும் மெல்லிய பாட்டில் என்றால் வளைந்து கொடுக்கும் வினைல் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் நல்லது.

அச்சையும் கவனியுங்கள். கடை பில் போல் சூட்டில் அச்சாகும் லேபிள் வெயில் பட்டால் மங்கும், வெந்நீர் பட்டால் கறுக்கும். அதைத் தவிர்த்து, வேறு முறையில் அச்சடித்து மேலே லேமினேஷன் போட்டு வாங்குவது பாதுகாப்பு. மூலைகள் வளைவாக இருக்கட்டும், கூர்மையான மூலைதான் முதலில் தூக்கும்.

ஒட்டும் முன் பாட்டிலை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பசையும் நிற்காது. ஒட்டியபின் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

அப்புறம், பலர் மறக்கும் ஒன்று: தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண் மூன்றையும் நிரந்தர லேபிளில் அச்சடிக்காதீர்கள். அவற்றுக்கு மட்டும் சுலபமாக உரியும் சின்ன ஸ்டிக்கர் வைத்து, ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் மாற்றுங்கள். பழைய தேதியோடு புது எண்ணெய் போனால் வாங்குபவர் எதை நம்புவார்?

மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் பத்து லேபிள் மட்டும் வாங்குங்கள். ஒட்டி, மறுநாள் சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஸ்பாஞ்சால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். ஓரம் எழும்பினால் வேறு பசை கேளுங்கள்.