பெர்லைட், பாலியூரித்தேன் கொண்டு ஒலித்தடுப்புப் பலகை வார்ப்பது எப்படி?

ரெசினில் நுண்துளைப் பொருளைக் கலந்தாலே சத்தம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தடுக்கும் வேலையை எடைதான் செய்கிறது. சதுர மீட்டருக்கான எடை இரட்டித்தால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 3 மி.மீ. வெறும் பாலியூரித்தேன் தகடு 500 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 17 டெசிபல் தடுக்கும். அதன் கன அளவில் 40 சதவீதத்துக்கு, அனல்மின் நிலையச் சாம்பலில் கிடைக்கும் செனோஸ்பியர் என்ற உள்ளீடற்ற நுண்மணிகளைக் கலந்தால் தகடு லேசாகித் தடுப்பு 16க்கு இறங்கிவிடும். நுண்துளைக்கு உரிய வேலை உறிஞ்சுவது. துளைகள் ரெசினால் அடைபடாமல் இருந்தால்தான் அதுவும் நடக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனி அடுக்காக வார்ப்பதே சரி.

30×30 செ.மீ. பலகைக்கான அளவு இது. சத்தத்தைத் தடுக்கும் கன அடுக்கு 3 மி.மீ.: இறுக வைக்கும் ஹார்டனரையும் சேர்த்து மென்மையான பாலியூரித்தேன் ரெசின் 210 கிராம், பேரைட் என்ற கனமான கனிமத்தின் தூள் 310 கிராம். உறிஞ்சும் துளை அடுக்கு 25 மி.மீ.: 2 முதல் 4 மி.மீ. பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கல் மணிகள்) 250 கிராம், ரெசின் 250 கிராம். மாடித்தோட்டக் கடை பெர்லைட்டே போதும். ஆனால் ஒரு லிட்டர் அளந்து எடை போடுங்கள். 100 கிராமுக்கு மிகவும் விலகியிருந்தால் பெர்லைட், ரெசின் இரண்டின் எடையையும் அதே விகிதத்தில் மாற்றுங்கள்.

பேரைட்டையும் பெர்லைட்டையும் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 110 டிகிரியில் 4 மணி நேரம் உலர்த்தி, மூடிய டப்பாவில் ஆறவிடுங்கள். இதில் அவசரப்படக் கூடாது. ஈரம் ஹார்டனரோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி, கன அடுக்கு ரொட்டிபோல் உப்பிவிடும். எடையும் கைவிட்டுப் போகும். ஹார்டனரின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி, வேதி ஆவி வடிகட்டும் முகமூடி கட்டாயம்.

பேரைட்டை முதலில் ரெசினில் கட்டியில்லாமல் கலந்து, பிறகு ஹார்டனர் சேர்த்து, மெழுகு தடவிய அச்சில் ஊற்றுங்கள். ரெசின், ஹார்டனர் விகிதம் டப்பாவில் போட்டிருக்கிறபடியே இருக்கட்டும்.

துளை அடுக்குக்கு ரெசினையும் ஹார்டனரையும் நன்றாகக் கலந்த பிறகே பெர்லைட்டைக் கொட்டி, அகலக் கரண்டியால் மெதுவாகப் புரட்டுங்கள். டிரில் மெஷினில் கலக்கினால் மணிகள் நொறுங்கும். அந்தத் தூள் ரெசினைக் குடித்து இடைவெளிகளை அடைத்துவிடும். தனி அச்சில் நிரப்பி, லேசாக அழுத்தி, மூடிபோட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்துவையுங்கள். இல்லையென்றால் ரெசின் அடியில் தேங்கித் தோல் கட்டும். இறுகியதும் பலகையில் வாய் வைத்து ஊதுங்கள். மறுபுறம் பிடித்த டிஷ்யூ தாள் அசைந்தால் துளைகள் திறந்திருக்கின்றன. அசையாவிட்டால் அடுத்த வார்ப்பில் ரெசினை 50 கிராம் குறையுங்கள்.

ஒட்டுவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். கன அடுக்கு விரலில் ஒட்டி, ஆனால் நூல் இழுக்காத பதத்தில் துளை அடுக்கை அதன்மேல் வையுங்கள். அதற்கு முன்னே வைத்தால் ஈர ரெசின் மேலேறித் துளைகளை நிரப்பும்.

சோதனைக்கு, கனமான பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்து, 28×28 செ.மீ. திறப்பைப் பலகையால் மூடி, மூடும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். துளைப் பக்கம் சத்தத்தை நோக்கி இருக்க வேண்டும். அதில் பெயின்ட் அடிக்கவே கூடாது. விளிம்பைச் சுற்றி 0.7 மி.மீ. சந்து விட்டாலே திறப்பில் 1 சதவீதம் ஆகிவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல பலகையானாலும் 20 டெசிபலைத் தாண்டாது. பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டுநாடா) முழுக்க அடையுங்கள்.

ஜெனரேட்டர் கூண்டுக்கு என்றால் புகைபோக்கியின் பக்கத்தில் இதை வைக்காதீர்கள், பாலியூரித்தேன் தீப்பிடிக்கும். 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு 25 மி.மீ. துளை அடுக்கால் பயன் இல்லை, 3 மி.மீ. கன அடுக்கும் கணக்குப்படி 8 டெசிபல்தான் தரும். அதை 9 மி.மீ. ஆக்கினால் 17 டெசிபலைத் தாண்டும்.