பிரான்சில் வீட்டுப் பராமரிப்பு வேலை: கோந்த்ராவில் (வேலை ஒப்பந்தத்தில்) முதலாளி யார் என்று பாருங்கள்

ஊரில் ஹோம் நர்ஸ் வேலை என்றால் ஆள் அனுப்புவதும் கமிஷன் பிடிப்பதும் ஏஜென்சிதான். தகராறு வந்தாலும் அங்கேதான் போய் நிற்போம். வில்லியனூர், ரெட்டியார்பாளையம், கடலூர் பக்கத்திலிருந்து பிரான்சுக்கு வருகிறவர்கள் அதே நினைப்பில் கோந்த்ராவில் கையெழுத்துப் போடுகிறார்கள். அடி விழுவது அங்கேதான்.

கார்த் தெ செழூர் (தங்கும் அனுமதி அட்டை), கார்த் வித்தால் (மருத்துவக் காப்பீட்டு அட்டை), வங்கிக் கணக்கு எல்லாம் சொந்தக்காரர்களே சொல்லித் தருவார்கள். கோந்த்ராவில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

ஏஜென்சியின் பெயர் இருந்தால் அது ப்ரெஸ்தாதேர், அதாவது ஏஜென்சியே உங்கள் முதலாளி. வாரம் 35 மணி நேரம்தான் முழுநேர வேலை. ஒரு வீடு முடிந்து நேராக அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் வேலை நேரம். நீங்கள் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இறந்துபோனாலும் உங்கள் வேலை போகாது, வேறு வீடு தர வேண்டும். மாந்தாதேர் என்று போட்டிருந்தால் ஏஜென்சி கணக்கெழுதும் ஆள் மட்டுமே. முதலாளி அந்தப் பெரியவர்தான். வாரம் 40 மணி நேரம்; அவர் இறந்தால் கோந்த்ராவும் முடிந்தது. செசு (வீட்டு வேலைக்காரர் சம்பளத்தை அரசிடம் பதிந்து கொடுக்கும் முறை) மூலம் குடும்பமே நேரடியாக வைத்துக்கொண்டாலும் இதே நிலைதான்.

லேபர் இன்ஸ்பெக்டர் எதைப் பார்க்க முடியும் என்பதும் இதைப் பொறுத்ததே. ஏஜென்சி அலுவலகத்துக்கு அவர் சொல்லாமல் கொள்ளாமல் போகலாம். வாராந்திர அட்டவணையையும், வீட்டுக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் நீங்கள் போனில் பதியும் நேரத்தையும் ஒப்பிட்டால் விழுங்கப்பட்ட பயண நேரம் வெளியே வந்துவிடும். இரண்டு நாள் வேலைக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு கொடுத்தார்களா என்பதும் அதிலேயே தெரியும். ஆனால் வீட்டுக்குள் குடியிருப்பவர் சம்மதம் இல்லாமல் அவர் நுழைய முடியாது. கதவு சாத்தியிருந்தால் உள்ளே நடந்ததைச் சொல்ல நீங்கள் எழுதி வைத்த நோட்டுதான் சாட்சி.

ஏமாற்று அதிகம் நடப்பது இரவு வேலையில். பெரியவரோ குடும்பமோ முதலாளியாக இருக்கும் நேரடி வேலையில் 'இரவுத் துணை' என்றால் தனி அறையில் தூங்கிக்கொண்டு, கூப்பிட்டால் எழுந்து போவது. ஒரு இரவுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தது மணிக்கூலியில் கால் பங்கு. மணிக்கு 12 யூரோ என்றால் 10 மணி நேர இரவுக்கு 30 யூரோதான் வரும். தினமும் நாலு தடவையாவது எழுப்பினால் முழு இரவும் வேலை நேரம்: அதே இரவுக்கு 120 யூரோ. இந்த 90 யூரோவைத்தான் 'பாட்டி சும்மா தூங்குறாங்க, நீயும் தூங்கு' என்று சொல்லி மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். அன்றன்றே, தேதியோடு எழுதுங்கள்: '20.00 உள்ளே. 23.40 தண்ணீர். 1.20 பாத்ரூம். 3.05 ஈரத்துணி மாற்றம். 4.30 பாத்ரூம். 7.00 வெளியே.' மாதக் கடைசியில் ஒரே மையில் மொத்தமாக எழுதினால் பார்த்தவுடனே தெரியும். நீங்கள் விவரமாக எழுதியதைக் காட்டினால், முதலாளியும் தன் பக்கக் கணக்கைக் காட்டியாக வேண்டும்.

அடுத்தது, பாதி நேரம் கணக்கில், பாதி கையில் ரொக்கம். ஒத்துக்கொள்ளாதீர்கள். கார்த் தெ செழூர் புதுப்பிக்கப் போகும்போது கையில் இருக்கும் சம்பளச் சீட்டில் பாதி வேலைதான் இருக்கும். உடம்பு முடியாமல் படுத்தால், நோய்க்கால உதவித்தொகை வாங்க மூன்று மாதத்தில் 150 மணி நேரம் காட்ட வேண்டும்; ரொக்கத்தில் வாங்கிய மணி நேரம் அதில் சேராது. குடும்பம் தயங்கினால் தைரியமாகச் சொல்லுங்கள்: கணக்கில் காட்டினால் ஆண்டு உச்சவரம்புக்குள் செலவில் பாதி அவர்களுக்கு வரிச்சலுகையாகத் திரும்பி வரும். வேண்டுமென்றே மறைத்தது நிரூபணமானால், வேலை முடிந்தபின் ஆறு மாதச் சம்பளம் இழப்பீடாகக் கேட்கலாம்.

இன்ஸ்பெக்டர் முதலாளிக்குக் கடிதம் எழுதுவார், வழக்குக்கு அறிக்கை அனுப்புவார். யார் புகார் செய்தது என்று சொல்ல மாட்டார். சட்டமே அவர் வாயைக் கட்டியிருக்கிறது. ஆனால் பாக்கிச் சம்பளத்தை வாங்கித் தருவது அவர் வேலை இல்லை. அதற்கு ப்ருதொம் என்ற தொழிலாளர் நீதிமன்றம் போக வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, தொழிற்சங்கத்திலிருந்து ஆள் வந்து உங்களுக்காகப் பேசலாம். சம்பள பாக்கிக்கு மூன்று வருடக் கெடு. ஊருக்கு லீவில் வந்து, 'திரும்பிப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும்போது பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவும். கோந்த்ராவில் சந்தேகம் இருந்தால் 0 806 000 126 என்ற அரசு எண்ணில், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.