சிறார் குற்றக் கணக்கில் வழுக்கும் இடங்கள்

மூன்று பையன்கள். பதினைந்து, பதினாறு வயது. இரவில் தெருவோரம் நின்ற பைக்கைத் தள்ளிக்கொண்டு போய், பெட்ரோல் தீரும்வரை ஓட்டிவிட்டு, ஒரு புதரோரம் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். சிறார் குற்றக் கணக்கில் இது எத்தனையாக ஏறும்? பூஜ்யம், ஒன்று, மூன்று என எதுவாகவும் இருக்கலாம்.

பைக்காரர் புகார் கொடுக்கிறார். யார் எடுத்தார்கள் என்று தெரியாது. காப்பீட்டுக்கு வேண்டும் என்பதால் முதல் தகவல் அறிக்கை இல்லாமல் அவர் விடமாட்டார். பையன்கள் சிக்காவிட்டால் அது வெறும் வாகனத் திருட்டு. ஆண்டுதோறும் வரும் தேசிய குற்ற அறிக்கையின் சிறார் அத்தியாயத்தில் அதற்கு இடமில்லை. சிக்கினால் வழக்கு ஒன்று, பிடிபட்ட சிறார் மூவர். எடுத்தது இந்தப் பையன்கள்தான் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டால் கதை வேறு. 2016ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகளில் 8ஆவது விதிப்படி, கொடிய குற்றமாக (குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம்) இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ மட்டுமே சிறார்மீது முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனையே மூன்று ஆண்டு. எனவே தகவல் காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் மட்டும் ஏறும். பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அதே பைக்கில் இருபது வயது அண்ணன் ஒருவன் தொற்றிக்கொண்டிருந்தால் முதல் தகவல் அறிக்கை வந்துவிடும். ஆய்வாளர் பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பிவிட்டாலோ, எந்தப் பதிவேட்டிலும் எதுவும் இல்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கை வெளியிட்டதும் வரும் தலைப்புச் செய்திகளில் பெரும்பாலும் நடக்கும் தவறு, பதிவான வழக்கைப் பிள்ளைகளின் நடத்தையாக வாசிப்பது. அந்த எண் அளப்பது காவல் நிலையம் எதை எழுதிக்கொண்டது என்பதைத்தான். யார் சிக்கினார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. கூட்டமாக, சொந்தப் பேட்டையிலேயே, முன்யோசனை இல்லாமல் செய்கிற பிள்ளைகள் பழுத்த திருடனைவிட எளிதாக மாட்டிக்கொள்வார்கள். சிக்காதவனின் வயது யாருக்கும் தெரியாது.

இன்னொரு தவறு, வழக்குகளையும் பிள்ளைகளையும் ஒன்றாகக் கருதுவது. 2021இல் பதிவான வழக்குகள் 31,170. பிடிபட்ட சிறார் 37,444. ஒரே ஆண்டுக்கு இரண்டு செய்திகள் இரண்டு எண்களைச் சொன்னால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை.

விகிதத்தில் விழும் பள்ளம் இதைவிட ஆழம். 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் சிறார்மீது 31,725 வழக்குகள். குற்ற விகிதம் 2.6. 2021இல் சிறப்புச் சட்டங்களையும் சேர்த்தே 31,170 வழக்குகள், விகிதம் 7.0. வழக்கு கொஞ்சம் குறைந்திருக்க, விகிதம் எப்படி இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது? வகுக்கும் எண் மாறிவிட்டது. முன்பு ஒட்டுமொத்த மக்கள்தொகையில் லட்சத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டார்கள். பிறகு குழந்தைகளின் தொகையில் லட்சத்துக்கு எத்தனை என்று மாற்றிக்கொண்டார்கள். 31,170ஐ 7.0ஆல் வகுத்தால் சுமார் 44.5 கோடி குழந்தைகள் என்று வருகிறது. அதில் தொட்டில் குழந்தையும் அடக்கம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது எதுவும் சட்டப்படி குற்றமே இல்லை. ஆனால் வகுக்கும்போது அந்தக் குழந்தையும் வரிசையில் நிற்கிறது.

வரையறை மாறிய ஆண்டைத் தாண்டிக் கோடு இழுப்பதும் இதே ரகம். 1986ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் சிறார் என்பவர், பையன் என்றால் பதினாறுக்குள், பெண் என்றால் பதினெட்டுக்குள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் பதினெட்டு என்றாக்கி 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2000இல் 9,267 ஆக இருந்த வழக்குகள் 2001இல் 16,509. நாட்டுப் பையன்கள் ஒரே ஆண்டில் கெட்டுப்போகவில்லை. அதுவரை பெரியவர் பட்டியலில் இருந்த பதினாறு, பதினேழு வயதினர் இந்தப் பக்கம் வந்தார்கள். 1990களில் தொடங்கி இன்றுவரை ஒரே கோடாக இழுத்த வரைபடத்தைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது 2001ஐத்தான். அங்கே ஒரு குறிப்பு இல்லையென்றால் மேலே படிப்பதில்லை.

சதவீதத்தை நம்புகிறவர்களுக்கு 2020 நல்ல பாடம். அரசு உத்தரவை மீறுவோர்மீது பதியும், ஊரடங்கை மீறியோர்மீதும் பாய்ந்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவு வழக்குகள் 2019இல் 29,469, 2020இல் 6,12,179. மொத்தம் இப்படி ஊதிப்போனால் அதில் சிறாரின் பங்கு தானாகச் சுருங்கும். பிள்ளைகள் திருந்தியதாக யாரும் மகிழ வேண்டியதில்லை. அதே 2020ஐ அடிப்படையாக வைத்து, 29,768இல் இருந்து 31,170, அதாவது 4.7 சதவீத உயர்வு என்று அடுத்த ஆண்டு பதறவும் வேண்டியதில்லை. பள்ளி பூட்டி, தெரு வெறிச்சோடிக் கிடந்த ஆண்டு எதற்கும் அளவுகோல் ஆகாது.

குற்றத்தின் பெயரை வைத்து அதன் தன்மையை முடிவு செய்வதும் அவசரம். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் விரும்பி வீட்டை விட்டுப் போகிறார்கள். பெண் வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழே சம்மதம் செல்லாது. கடத்தல், பாலியல் வன்கொடுமை என்று வழக்கு ஏறுகிறது. கொடிய குற்றம் என்பதால் முதல் தகவல் அறிக்கையும் உண்டு. அட்டவணையில் இந்தப் பையன் நிற்பது உண்மையிலேயே வன்முறை செய்தவனின் பக்கத்தில். 2019இல் சென்னை உயர் நீதிமன்றமே இத்தகைய வழக்குகளைக் கண்டு, பதினாறு வயதுக்கு மேற்பட்டோரின் உறவுகள் குறித்துச் சட்டத்தைத் திருத்தலாம் என்று யோசனை சொன்னது. ஆக, பைக் திருட்டு கணக்கில் விழாமல் போகலாம். காதல் ஓட்டம் விழுந்துவிடும்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருந்தால் பெரியதான கொலை மட்டுமே எண்ணப்படும், கொள்ளை மறைந்துபோகும். பதிவான வழக்கு நிரூபணமான வழக்கு அல்ல. வயதே சில வேளைகளில் ஊகம்தான்: பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இல்லாதவனுக்கு எலும்புச் சோதனை செய்கிறார்கள், அதில் இரண்டு ஆண்டு முன்பின் ஆகலாம்.

அப்படியானால் பிள்ளைகளிடமே கேட்டுவிடலாமே? கேட்டிருக்கிறார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஷார்ட், ஐவன் நை என்ற இருவர் பள்ளி மாணவர்களிடம் பெயர் எழுதாத படிவம் கொடுத்துக் கேட்டார்கள். குற்றம் ஏழை வீட்டுப் பிள்ளைகளுடையது என்று போலீஸ் பதிவேடு காட்டிய படம் அந்த ஒப்புதல்களில் மங்கிப்போனது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் செய்திருந்தார்கள். காவல் நிலையம்வரை போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த முறைக்கும் எல்லை உண்டு. நம் வகுப்பறை ஒன்றில், பெஞ்சுகளுக்கு நடுவே ஆசிரியர் நடந்துகொண்டிருக்க, ‘கடந்த ஓராண்டில் எதையாவது திருடினாயா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடிக்க எத்தனை பேருக்குக் கை வரும்? அதைவிட, நாம் யாரிடம் கேட்க விரும்புகிறோமோ அவன் அன்றைக்கு வகுப்பிலேயே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான்.