துன்ப நாளில் தேவனிடம் ஆறுதல் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும், புத்தாண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, வாசல் விளக்கின் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் உண்டு. அந்த அட்டைகளுக்குள் எரேமியா 29:11 எப்படியும் இருக்கும். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் அந்த வசனம் கைக்கு வந்தவர், மகளின் திருமணமோ மகனின் வேலையோ கடன் தீர்வதோ இந்த ஆண்டிலேயே நடந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறார். ஆண்டு முடிகிறது, எதுவும் நடக்கவில்லை. அப்போது அவர் தாம் வசனத்தை வாசித்த விதத்தைச் சந்தேகிப்பதில்லை, தம்முடைய விசுவாசத்தைத்தான் சந்தேகிக்கிறார். துன்பத்தில் இருப்பவருக்கு இந்தக் குற்ற உணர்வு இரண்டாவது சுமையாகிறது. வசனத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பிய்த்து எடுத்ததால் வந்த சுமை அது.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டுபோன மக்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்நிய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று கடிதம் சொல்கிறது. நாம் மனப்பாடமாகச் சொல்லும் 11ஆம் வசனத்துக்கு நேர் முன்னால், 10ஆம் வசனத்தில், பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்ற செய்தி இருக்கிறது. கடிதத்தைக் கேட்டபோது நாற்பது வயதாயிருந்த ஒருவர், தாம் எருசலேமைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை என்பதை அந்த ஒரு வரியிலேயே புரிந்துகொண்டிருப்பார். பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். அவர் கையில் இருப்பது மண்வெட்டியும், நடவேண்டிய தோட்டமும்தான்.

இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எல்லாருக்கும் முன்பாக எடுத்து உடைத்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். எரேமியாவுக்கும் அது நடக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் அவர் பதில் தொடங்குகிறது. ஆனால் அனனியா சொன்னது பொய். இரண்டு வருஷம் என்ற பொய்யும் 70 வருஷம் என்ற மெய்யும் அடுத்தடுத்த அதிகாரங்களில் நிற்கும்போது, நாம் மெய்க்கு அடுத்த வரியை எடுத்துக்கொண்டு அதைப் பொய்யின் கால அளவில் வாசிக்கிறோம். அட்டையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை, நானும் எடுக்கிறவன்தான். வீட்டுக்கு வந்ததும் வேதத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்துவிட்டுப் படுக்கப் போவது நல்லது.

இதே வகையில் அதிகம் அடிபடும் இன்னொரு வசனம் 1 கொரிந்தியர் 10:13. "தாங்க முடிகிற அளவுக்குத்தான் ஆண்டவர் கொடுப்பார்" என்று துக்க வீடுகளில் நாம் சொல்வதற்கு ஆதாரமாக, "உங்கள் திராணிக்கு மேலாக" என்ற சொற்களைக் காட்டுவார்கள். தமிழில் சோதனை என்ற ஒரே சொல் பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலையும் குறிக்கிறது, வாழ்க்கையில் வரும் துன்பத்தையும் குறிக்கிறது. குழப்பம் அங்கே தொடங்குகிறது. அந்த அதிகாரம் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகங்களுக்குப் பின்னே போனதையும் முறுமுறுத்ததையும் எச்சரிக்கையாக எடுத்துச் சொல்வது. அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகியோடச் சொல்கிறது. துன்பத்தைப் பற்றி, இந்தக் கடிதத்தை எழுதிய அதே பவுல் அதே கொரிந்து சபைக்கு எழுதும்போது, இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரம் வந்தது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். தாங்க முடியாதது அவருக்கு வந்தது. தங்கள்மேல் நம்பிக்கை வைக்க இடமில்லாமல் போன அந்த நிலையில், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்கவேண்டியதாயிற்று என்பதுதான் அவர் சாட்சி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "உன்னால் தாங்க முடியும் என்பதால்தான் கொடுத்தார்" என்று சொல்வது, அவள் பலமாக இருந்ததற்குத் தண்டனை கிடைத்தது என்று சொல்வதைப்போல் ஆகிவிடுகிறது.

அடுத்த தவறு, அழுகையை அடக்குவது. "விசுவாசி அழலாமா?" என்ற கேள்வியைப் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே கேட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள் என்பதை அவர்கள் கவனித்ததில்லை போலும். 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள். அவற்றில் முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத்திரும்ப எழுகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பவில்லை. சிநேகிதனும் தோழனும் தூரமாக விலகிப்போனதைச் சொல்லி, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடுகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள் என்பதே. அப்படிப்பட்ட ஜெபம் ஜெபப் புத்தகத்துக்குள் இடம்பெற்றிருக்கிறது. யாரும் அதன் கடைசியில் ஒரு அல்லேலூயாவைச் சேர்த்துத் திருத்திவைக்கவில்லை. இறந்துபோன லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே பெத்தானியாவில் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு கண்ணீர் விட்டார். இன்னும் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கண்ணீருக்குத் தடையாக இருக்கவில்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவைக் குறித்து நாம் செய்யும் தவறுகளைத் தனியாகவே எழுதலாம். அடக்க ஆராதனைகளில் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற முதல் அதிகார வசனம் வாசிக்கப்படும். 42 அதிகாரங்கள் கொண்ட புத்தகத்தில் யோபு அந்த வாக்கியத்தோடு நின்றுவிடவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார்; அதற்குப் பிறகு தேவனோடு வழக்காடுகிறார், தமக்கு ஒரு பதில் வேண்டும் என்று கேட்கிறார். கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது என்று பாருங்கள்: தேவனுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு அழகழகாகப் பேசின எலிப்பாஸ்மேலும் அவன் இரண்டு சிநேகிதர்மேலும்தான். யோபு பேசினதுபோல் அவர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார் கர்த்தர். கேள்வி கேட்டவன் தப்பினான், விளக்கம் சொன்னவர்கள் பலி செலுத்தவேண்டி வந்தது.

அந்த மூன்று பேரும் முதலில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழு நாள் இரவும் பகலும் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கினார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் அந்தப் பெயருக்குத் தகுதியானேன். விபத்தில் மகனை இழந்த ஒருவரைப் பார்க்கப் போயிருந்தபோது, பேச்சு நின்றுபோன ஒரு கணத்தை நிரப்புவதற்காக, யோபுவுக்கு ஆண்டவர் எல்லாவற்றையும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தாரே, உங்களுக்கும் இரட்டிப்பான நன்மை உண்டு என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த வசன காலண்டரைப் பார்த்தபடி, "பிள்ளைகளையுமா ஐயா இரட்டிப்பாகக் கொடுத்தார்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். 7,000 ஆடுகள் 14,000 ஆயின, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின, 500 ஏர்மாடுகள் 1,000 ஏர்மாடுகள் ஆயின, கழுதைகளும் அப்படியே. பிள்ளைகள் மட்டும் முன்பு 7 குமாரரும் 3 குமாரத்திகளும், பின்பும் 7 குமாரரும் 3 குமாரத்திகளும். முதல் பத்துப் பேர் திரும்பி வந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. நான் அத்தனை ஆண்டுகளாகப் பிரசங்கத்தில் கேட்ட, நானே சொன்ன கணக்கை, மகனைப் புதைத்துவிட்டு வந்த ஒருவர் என்னைவிடச் சரியாக வாசித்திருந்தார்.

துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கும் அவசரமும் இதோடு சேர்ந்ததே. பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றவர்களுடையதா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை அவரே எடுத்துச் சொல்லி, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த யாத்திரீகர்களில் நூற்றுக்கணக்கானோரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று, பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் நன்றி சொன்னதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த நன்றியை வெளியே நின்றவர்கள் "உள்ளே இருந்தவர்களை மாதா காப்பாற்றினாள்" என்ற விளக்கமாக மாற்றியபோது, மணலில் இறந்தவர்களும் அதே மாதாவைத் தேடி அதே பேருந்தில் வந்தவர்கள் என்பது மறந்துபோயிற்று. சாட்சி சொல்லும்போது, அதே ஜெபத்தைச் செய்து அதே விடுதலை கிடைக்காத ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசினால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

பொருத்தனை, அதாவது தேவனுக்குச் செய்யும் நேர்ச்சை, பேரமாகிவிடுவதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. நெருக்கடியில் இருப்பவரிடம் காணிக்கைத் தொகையையும் விடுதலையையும் முடிச்சுப்போட்டுப் பேசுகிறவர் எவராயிருந்தாலும், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே சரி.

ஆனால் உடம்பை மறந்துவிடும் தவறைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் அது பக்தியின் வேஷத்தில் வருகிறது. துக்கத்தில் ஏற்கெனவே சாப்பிடாமலும் தூங்காமலும் இருப்பவரிடம் உபவாச ஜெபத்துக்கு வரச் சொல்கிறோம். மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்கிறோம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சாக விரும்பினபோது தேவன் அவருக்குப் பிரசங்கம் அனுப்பவில்லை. முதலில் தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பினபோது தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் கடிந்துகொள்ளப்படவில்லை; இரண்டாம் முறையும் சாப்பாடுதான் வந்தது. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான் தூதன் சொன்ன காரணம். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்டது அதற்கு 40 நாள் கழித்து. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கைவைத்தியம் சொன்னதையும், லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று அழைத்ததையும் இதோடு வைத்து வாசிக்கலாம். சாக வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்து, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போகவேண்டும். ஜெபத்தை வண்டியில் போகும்போதே செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, துக்கத்துக்குத் தேதி குறிப்பது. புலம்பல் புத்தகத்திலிருந்து நாம் எல்லாரும் அறிந்த வரி ஒன்றுதான்: கர்த்தருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்பது. அது ஐந்து அதிகாரங்களில் நடு அதிகாரத்தில், அதிலும் 23ஆம் வசனத்தில் வருகிறது. அந்த வெளிச்சத்தோடு புத்தகம் முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். நான்காம் அதிகாரம் மறுபடியும் பட்டினியாலும் இடிபாடுகளாலும் நிறைந்திருக்கிறது, ஐந்தாம் அதிகாரம் எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்ற கேள்வியோடு நிற்கிறது. நம்பிக்கையைச் சொல்லிவிட்ட பிறகும் அழுகை திரும்பி வரும், அதனால் சொன்ன நம்பிக்கை பொய்யாகிவிடாது. இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான், அடக்கத்துக்கு வந்த கூட்டம், ஜெபக்கூட்டத்துக்கு வந்த கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு, மூன்றாம் மாதத்தில் அழும் ஒருவரைப் பார்த்து "இன்னுமா?" என்கிறார்கள்.

கணவரை இழந்த ஒரு அம்மா, முதல் வாரத்தில் வந்த வசனங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை என்று என்னிடம் சொன்னார். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பாட்டி அந்த ஆண்டு முழுவதும் சனிக்கிழமைதோறும் ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்து இவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தைத் தாமே கழுவி எடுத்துக்கொண்டு போவாராம். போகும்போது வாசலில் நின்று, "ஆண்டவரே, இவளைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்வாராம்.