ஆமை முட்டையைக் கோழிக்கு அடை வைக்காதீர்கள்

வீட்டு ஆமை முட்டையிட்டுவிட்டது என்றதும் நம் பக்கத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அடைக்கோழிதான். கொல்லையில் ஒரு கோழி அடை கிடந்தால் அதனடியில் இந்த நாலு முட்டையையும் தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் தெரிந்த கோழிப்பண்ணையில் இன்குபேட்டரில் ஓரமாக இடம் கேட்கலாம். இரண்டுமே முட்டையைக் கொல்கிற வழி. கோழி முட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆமைக் கருவுக்கு 34, 35 டிகிரியே ஆபத்து. கோழி முட்டையைத் தினமும் புரட்ட வேண்டும். ஆமை முட்டையைப் புரட்டவே கூடாது.

காரணம் முட்டைக்குள் இருக்கிறது. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இரு பக்கமும் கயிறுபோல இழுத்துப் பிடிக்கும் வெண்ணிற இழைகள் உண்டு. முட்டை எப்படிப் புரண்டாலும் கரு மேலே வந்துவிடும். ஆமை முட்டையில் அந்த இழைகள் கிடையாது. முட்டை வெளியே வந்து ஏறக்குறைய ஒரு நாளைக்குள் கரு மேற்பக்கம் ஏறி, ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன்பின் தலைகீழாகத் திருப்பினால் மஞ்சள் கருவின் பாரம் அதை அமுக்கும், ஒட்டு கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் காத்திருந்து, அழுகிய முட்டையைத்தான் எடுப்பீர்கள்.

முதலில், எந்த ஆமை?

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி மீன் தொட்டிக் கடைகளில் நாலைந்து சென்டிமீட்டர் அளவில் பச்சையாக விற்ற குட்டி, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ளது, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகியிருக்கிறது என்றால் அது அமெரிக்காவைச் சேர்ந்த சிவப்புக்காது ஆமை. தண்ணீர் ஆமை. பெரும்பாலான வீடுகளில் முட்டையிடுவது இதுதான். இங்கே சொல்லப்படும் அளவுகளும் இதற்கே.

ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் உள்ள நட்சத்திர ஆமை, வயலிலும் வாய்க்காலிலும் கிடைக்கும் பாலாமை இரண்டும் வேறு கதை. இவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. வளர்ப்பதே குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். நட்சத்திர ஆமை புகுந்த வீட்டுக்கு அமீனாவுக்குப் பதில் வனத்துறை வரும். அத்தகைய ஆமை உங்களிடம் முட்டையிட்டிருந்தால் பொரிக்க வைக்கும் யோசனையை விட்டுவிட்டு, மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லி ஆமையையும் முட்டையையும் ஒப்படையுங்கள். வரப்பு வெட்டும்போதோ வாய்க்கால் தூர்வாரும்போதோ உருண்டையான, கெட்டி ஓடுள்ள முட்டைகள் தட்டுப்பட்டால் அவை பாலாமையுடையதாக இருக்கலாம். எடுத்த மண்ணை மெதுவாக மூடிவிட்டு, அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள். நாகப்பட்டினம், கோடியக்கரைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைப்பது வனத்துறையின் வேலை. அதையும் தோண்டக் கூடாது.

ஆப்பிரிக்க சல்கட்டா போன்ற வெளிநாட்டுத் தரை ஆமை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். குட்டி பொரித்தால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும்.

“ஆணே இல்லை, முட்டை எப்படி?”

கோழியைப் போலவே பெண் ஆமையும் ஆண் இல்லாமலே முட்டையிடும். அது கருவுறாத முட்டை. எப்படி வைத்தாலும் பொரிக்காது. ஆனால் ஆண் இல்லை என்பதை வைத்து உடனே தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. ஒரு தடவை சேர்ந்த ஆணின் விந்தைப் பெண் ஆமை உடலில் சேமித்து, ஓரிரு ஆண்டு கழித்தும் கருவுற்ற முட்டை இடக்கூடும். முன்பு ஆணோடு வளர்ந்த ஆமை என்றால் இதை நினைவில் வையுங்கள். ஆணை அடையாளம் காண்பது எளிது: உடல் சிறியது, முன்னங்கால் நகம் மட்டும் நீண்டிருக்கும்.

மண் கொடுக்காத தவறு

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். மற்றவை முட்டையைக் கெடுக்கும். இது தாயைக் கொல்லும்.

முட்டை சுமக்கும் ஆமை தீனியைக் குறைக்கும், தொட்டிச் சுவரில் ஓயாமல் ஏறப் பார்க்கும், பின்னங்கால்களால் எதையாவது பிறாண்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடித் தொட்டியில் தோண்ட இடம் இல்லை என்றால் இரண்டில் ஒன்று நடக்கும். தண்ணீரிலேயே இட்டுவிடும், அந்த முட்டையில் கரு மூச்சுத் திணறிச் சாகும், உடைந்தால் தண்ணீர் நாறும், ஆமையே தின்னவும் செய்யும். அல்லது முட்டையை அடக்கிக்கொண்டே இருக்கும். நாள் ஆக ஆக ஓட்டின் மேல் சுண்ணாம்பு கூடிக் கெட்டியாகி, முட்டை உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எனவே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். 20 சென்டிமீட்டர் ஆமைக்கு 80 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், உள்ளே மண் 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம். டெல்டாக்காரர்கள் வழுக்குவது மண்ணில்தான். வயல் களிமண்ணை அப்படியே கொட்டினால், காய்ந்ததும் பாளமாக வெடித்துப் பின்னங்காலால் கிளறவே முடியாமல் போகும். வெறும் ஆற்று மணலைக் கொட்டினால் குழி சரிந்துகொண்டே இருக்கும்; ஆமை நாலைந்து இடத்தில் முயன்று வெறுத்துப்போகும். கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, தோட்ட மண் அல்லது செம்மண் ஒரு பங்கு கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். ஒரு கைப்பிடி அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. புதிதாக உரமோ பூச்சிமருந்தோ விழுந்த மண் வேண்டாம்.

டப்பை நிழலில் வைத்து, காலையிலோ மாலையிலோ ஆமையை மூன்று நான்கு மணி நேரம் அதில் விடுங்கள். சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தால் பாதியில் நிறுத்திவிடும். இடாவிட்டால் தண்ணீருக்குத் திருப்பிவிட்டு, மறுநாள் மறுபடி விடுங்கள். சில நாள் வெறுங்குழி தோண்டி மூடிவிட்டுப் போவதும் வழக்கம்தான்.

இரண்டு வாரமாகத் தவிப்பு அடங்கவில்லை, அல்லது சோர்ந்து கிடக்கிறது, முக்குகிறது, பின்பக்கம் சதை வெளியே தள்ளியிருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பின்பக்கத்தில் விளக்கெண்ணெய் விடுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் உள்ளே முட்டையை உடைத்துச் சீழ் பிடிக்க வைக்கும். சதை தள்ளியிருந்தால் அன்றே போக வேண்டும். எக்ஸ்ரேயில் ஓடு கட்டிய முட்டை தெளிவாகத் தெரியும். முட்டையின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் பார்த்த பிறகுதான் கால்சியமா, முட்டையை வெளியே தள்ளவைக்கும் ஆக்சிடாசின் ஊசியா, அறுவையா என்று முடிவெடுப்பார்கள். கோணல் முட்டை அடைத்திருக்கும்போது ஊசி மட்டும் போட்டால் முட்டைக் குழாய் கிழியலாம். அதனால் எக்ஸ்ரே எடுக்காமல் ஊசி போட வற்புறுத்தாதீர்கள். டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பொரிக்க வைக்கத்தான் வேண்டுமா?

எங்கள் தீர்ப்பு: சிவப்புக்காது ஆமை முட்டை என்றால் வேண்டாம். ஒரு தடவைக்கு 6 முதல் 11 முட்டை வழக்கம். ஒரே பருவத்தில் ஐந்து தடவை வரைகூட இடும். குட்டி ஒவ்வொன்றும் இருபது, முப்பது ஆண்டு வாழும், ஒவ்வொன்றுக்கும் பெரிய தொட்டி வேண்டும். அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குக் கொடுத்த பிறகு மிஞ்சுவது எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: கோயில் குளத்துக்கு. மகாமகக் குளமோ கமலாலயமோ வெண்ணாறோ, புண்ணியம் என்று நினைத்து விடுவது உண்மையில் கேடு. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. நம் ஊர் ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயும் பரப்பும். முட்டைகளைக் கரையில் புதைத்துவிட்டு வருவதும் அதே தவறுதான்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால், இட்ட அன்றே முட்டைகளைத் தனிக் கவரில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுப் புதைத்துவிடுங்கள். கரு வளர்ந்த பிறகு இப்படிச் செய்வது கொடுமை, தள்ளிப்போடாதீர்கள்.

பொரிக்க வைப்பதென்றால்

குட்டிகளுக்கு உறுதியான இடம் இருக்கிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

குழியை விரலால் மெல்லக் கிளறுங்கள், கரண்டி வேண்டாம். ஒவ்வொரு முட்டையும் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, மேல்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு எடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம். ஓடு மூச்சுவிடுவது நுண்துளை வழியாக, மையின் ரசாயனமும் அதே வழியில் போகும். கழுவாதீர்கள். ஒட்டிய மண் இருந்துவிட்டுப் போகட்டும்.

5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில், செடி நர்சரியில் கிடைக்கும் வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) 300 கிராமுடன் 300 மில்லி தண்ணீர் கலந்து பரப்புங்கள். தென்னை நார்க்கழிவு போடுவதென்றால் நன்றாகக் கழுவிப் பிழிந்தது வேண்டும்; உப்பு மிச்சமிருந்தால் முட்டையின் நீரை அது உறிஞ்சிவிடும். முட்டைகளைப் பாதி புதைத்து, ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மூடியில் நாலைந்து சிறு துளை போதும். டப்பாவை மொத்தமாக எடை போட்டு மூடியில் எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்து, குறைந்த கிராம் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரை ஓரமாக ஊற்றினால் ஈரப்பதக் கணக்கு சரியாக இருக்கும். முட்டை மேல் ஊற்றக் கூடாது.

அடுத்தது வெப்பம். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்றே சொல்லும். டெல்டாவில் ஏப்ரல், மே மாதங்களில் சிக்கலே எப்படிக் குளிர்விப்பது என்பதுதான். பரண், கான்கிரீட் மாடி அறை இரண்டும் இரவிலும் சூடு இறங்காது. கீழ்த்தள அறையின் தரையில், மீன் பெட்டி மாதிரியான தெர்மாகோல் பெட்டிக்குள் டப்பாவையும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் இரண்டையும் வையுங்கள். பாட்டில் தண்ணீர் வெப்பம் ஏறி இறங்குவதை மட்டுப்படுத்தும். தெர்மாமீட்டர் முனை முட்டை மட்டத்தில் இருக்கட்டும். 32ஐத் தொட்டால் ஒரு பாட்டிலை எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டிலை மாற்றுங்கள். அது முட்டை டப்பாவைத் தொடக் கூடாது. மார்கழி, தை இரவுகளில் நிலைமை நேர்மாறு: பெட்டியின் அடியில் தண்ணீர் ஊற்றி 50 வாட் மீன் தொட்டி ஹீட்டரை அதில் மூழ்கவிட்டு, செங்கல் மேல் டப்பாவை உயர்த்தி வைத்தால் போதும். சிறிது நேர மின்வெட்டுக்குப் பதற வேண்டாம். வெப்பம் கொஞ்சம் இறங்கினால் வளர்ச்சி தாமதமாகும், அவ்வளவே, ஏறினால்தான் சாவு.

28 முதல் 30 டிகிரியில் 55 முதல் 80 நாள் ஆகும். சுமார் 29 டிகிரிதான் எல்லைக்கோடு: 28க்குக் கீழே பெரும்பாலும் ஆண், 31க்கு மேலே பெரும்பாலும் பெண். சித்திரை வெயிலில் அக்கறையில்லாமல் வைத்தால் பொரித்தவை எல்லாமே பெண்ணாகி, பின்னாளில் இன்னும் முட்டை போடும்.

கருவுற்ற முட்டையில் சில நாளில் மேற்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு பரவும். மஞ்சளாகவே இருந்து நாறினால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் குழி விழுந்த முட்டையெல்லாம் செத்த முட்டை அல்ல. ஈரம் குறைந்தாலும் குழியும், தண்ணீர் சேர்த்தால் நிமிரும். இருட்டில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்தால் இரண்டு வாரத்தில் சிவப்பு நரம்பு தெரியும். பார்ப்பதற்காக முட்டையைத் தூக்காதீர்கள்.

கொல்லை மண்ணிலேயே விட்டுவைப்பவர்களுக்கு வேறு தொல்லை. கீரி, பெருச்சாளி, எறும்பு தப்பினாலும், வாய்க்காலில் தண்ணீர் வந்து மண் ஊறினாலோ ஐப்பசி அடைமழை பிடித்தாலோ ஓட்டின் துளைகள் அடைபட்டுக் கரு மூச்சு முட்டும்.

ஓட்டைக் கீறிக்கொண்டு மூக்கு தெரிந்த பிறகும் குட்டி வெளியே வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். வயிற்றில் மஞ்சள் கருப் பை ஒட்டியிருக்கும். இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் அது கிழிந்து இரத்தம் போகும். வந்தவற்றை ஈர டிஷ்யூவில் விட்டு, பை உள்ளே இழுத்த பிறகு ஓட்டு உயரத்துக்கு மேற்படாத தண்ணீரில் விடுங்கள். முதல் சில நாள் தின்னாது, திணிக்காதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். குட்டி ஆமைகளிடமிருந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி பரவியதால்தான் அமெரிக்கா 1975 முதல் 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமை விற்பனையையே தடை செய்தது.

தாயை மறந்துவிடாதீர்கள்

முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து தாயின் உடலிலிருந்துதான் போயிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையை (கணவாய் ஓடு) துண்டாகத் தண்ணீரில் போட்டுவையுங்கள், தானே கொறிக்கும். முருங்கைக்கீரை, சின்ன மீனை முள்ளோடு கொடுக்கலாம். பாலக்கீரை கால்சியத்தை உடலில் சேரவிடாது. சோறும் பொரியும் வயிற்றை நிரப்புவதோடு சரி. காலை இளவெயிலில், நிழலுக்கு ஒதுங்க இடம் விட்டு, அரை மணி நேரம் வைக்கலாம். ஜன்னல் கண்ணாடிக்குள் அடிக்கிற வெயில் கணக்கில் சேராது. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

மண் டப்பைக் கலைத்துவிடாதீர்கள். இரண்டிலிருந்து ஐந்து வாரத்துக்குள் அடுத்த ஈடு வரலாம். அதுவரை மேல்மண் காயாமல் இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் தெளித்துவிடுங்கள்.