வியாபாரக் குறிச் சான்றிதழில் கைவைக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாபாரக் குறியைப் பொருள் வகைக்கேற்ப இலக்கமிட்ட வகுப்புகளில்தான் பதிவார்கள். மிளகாய்த்தூளுக்கு 30ஆம் வகுப்பில் குறி பதிந்த ஒருவர், பிறகு நல்லெண்ணெயும் போத்தலில் அடைக்கத் தொடங்குகிறார். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு. மொத்த வியாபாரி சான்றிதழ் கேட்டவுடன், ஸ்கான் பிரதியில் 29ஐயும் சேர்த்து அனுப்பலாம் என்று யாரோ யோசனை சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சிறு உற்பத்தியாளர் செய்யக்கூடிய தவறுகளில் மிக ஆபத்தானது இதுதான்.

வியாபாரக் குறிகளின் பதிவேடு கொழும்பில், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் இருக்கிறது. அதைத் தொடவில்லையே என்ற சமாதானம் எடுபடாது. பதிவேட்டில் பொய்ப் பதிவு செய்விப்பது மட்டுமல்ல, அதன் பிரதி என்று பொய்யான எழுத்தொன்றை உண்டாக்குவதும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றம். அரச உத்தியோகத்தர் வழங்கியதுபோல ஆவணத்தைப் போலியாக ஆக்கினால், தண்டனைச் சட்டக்கோவையின் 455ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் தண்டப்பணமும் உண்டு. கணினியில் மாற்றித் தந்தது கொமியூனிகேஷன் கடைக்காரர்தானே என்றும் தப்ப முடியாது. போலியென்று தெரிந்தே நேர்மையீனமாகப் பயன்படுத்தியவருக்கும் அதே தண்டனைதான்.

நேர்வழி கடினமில்லை. புதிய வகுப்புக்குத் தனி விண்ணப்பம் போடுங்கள். பதிவு செல்லுபடியாகும் 10 ஆண்டு முடிந்துவிட்டால் திகதியை அழித்து எழுதாமல், மேலதிகக் கட்டணத்தோடு 6 மாத சலுகைக் காலத்துக்குள் புதுப்பியுங்கள்.

அடுத்தது கையெழுத்து. கனடாவில் இருக்கும் அண்ணன் பெயரில் உள்ள குறியைத் தம்பி பெயருக்கு மாற்றும்போது, "போனில் சொல்லிப்போட்டார்" என்று அண்ணனின் கையெழுத்தைத் தம்பியே போடுவது. நாளை சொத்துப் பிணக்கு வந்தால் அந்த ஒரு தாள் போதும், விவகாரம் பொலிஸுக்குப் போக. அண்ணன் அங்கேயே அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி, இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்தி அனுப்பட்டும். ஆவணத்தில் உண்மையான நாளுக்கு முந்திய திகதி இடுவதும் வேண்டாம்.

பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு வியாபாரக் குறி ஆகாது. அதை நம்பிப் பொதியில், பதியப்பட்ட குறி என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தை (®) அச்சிட வேண்டாம். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் டீ.எம். (TM, வியாபாரக் குறி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) மட்டும் போடலாம்.

லண்டனுக்கு அனுப்புவோர் இன்னும் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவின் 1994ஆம் ஆண்டு வியாபாரக் குறிகள் சட்டத்தின் 95ஆம் பிரிவு, அந்த வட்ட ஆரை அங்கே பதியப்பட்டதென்ற கூற்றாகவே எடுத்துக்கொள்ளும். வேறு நாட்டில் உண்மையாகவே பதிந்திருப்பதையும், அதைத்தான் குறித்தீர்கள் என்பதையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1,000 பவுண் வரை தண்டம். அதே சட்டத்தின் 94ஆம் பிரிவில், பதிவேட்டைப் பொய்யாக்கியவருக்கு 2 ஆண்டு வரை சிறை. ஆகவே லேபல் அச்சுக்குப் போகும் முன்பே "இலங்கையில் பதியப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பதிவு உண்மையில் இருந்தால் மட்டும்.